தபால் பெட்டி எண் 123

மேடையில் பேசுகிறவனுக்குக் கூட்டம் கண்ணில் தெரியும். யார் கொட்டாவி விடுகிறான், யார் எழுந்து போகிறான், எந்த வார்த்தைக்குக் கண் கலங்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்ளலாம். வானொலியில் பேசுகிறவனுக்கு இந்த வசதி கிடையாது. மூடிய அறையில் ஒரு மைக்குக்கு முன்னால் பேசிவிட்டு எழுந்து வர வேண்டியதுதான். பேச்சு எங்கே போயிற்று, யார் காதில் விழுந்தது என்பதற்கு அந்தக் காலத்தில் ஒரே சாட்சிதான் உண்டு. அது நாலைந்து நாள் கழித்து வரும் தபால்.

முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன் நான். அதனால் வானொலிச் சரித்திரத்தைக்கூடத் தபால் பையின் வழியாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது. அப்படிப் பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போன ஒரு மனிதரைப் பற்றியும் அவர் மனைவியைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் சார்லஸ் ஃபுல்லர். அமெரிக்காவில் 1930-களிலும் 40-களிலும் ஞாயிற்றுக்கிழமை வானொலியைத் திருப்பினால் அநேகமாக அவர் குரல்தான் கேட்கும். மனைவி பெயர் கிரேஸ்.

இவர்கள் மீது எனக்கு எப்படி அக்கறை வந்தது என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு தடவை கலிபோர்னியாவில் மகன் வீட்டில் போய் ஆறாறு மாதம் இருந்தோம். அவன் இருப்பது ஆரஞ்சு கவுண்டி. பெயர்தான் ஆரஞ்சு. எங்கே பார்த்தாலும் வீடும் சாலையும் கார் நிறுத்துமிடமும்தான். ஆரஞ்சு மரம் வேண்டுமென்றால் யாராவது வீட்டுக் கொல்லையில் எட்டிப் பார்க்க வேண்டும். தோப்புகள் எல்லாம் எங்கே போயின என்று தெரிந்துகொள்ள உள்ளூர் நூலகத்தில் புத்தகம் தேடினேன். ஆரஞ்சைத் தேடப் போய், ஆரஞ்சு வியாபாரத்தில் இருந்து பிரசங்கியான ஒருவர் அகப்பட்டார். அவருடைய மகன் டேனியல் 1972-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் தொடங்கி, அப்புறம் அந்தப் பழைய ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் தேடிக் கேட்டேன்.

சார்லஸ் ஃபுல்லர் 1887-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். தகப்பனார் ஹென்றி ஃபுல்லர், மரச்சாமான் கடை வைத்திருந்து பிறகு ரெட்லண்ட்ஸ் என்ற ஊரில் ஆரஞ்சுத் தோப்பு வாங்கியவர். பக்திமான், வெளிநாட்டு மிஷனரிகளுக்குக் காசு அனுப்புகிறவர். மகனுக்கு அந்தப் பக்தி அப்போது ஒட்டவில்லை. பொமோனா கல்லூரியில் ரசாயனம் படித்தார். நல்ல உயரம், நல்ல உடம்பு, கால்பந்துக் குழுவுக்குத் தலைவர். (நம் ஊர்க் கால்பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு முட்டி மோதுகிறார்களே, அது.) 1910-ல் பட்டம். அடுத்த ஆண்டு கிரேஸ் பேட்டனோடு கல்யாணம். அந்தப் பெண் ரெட்லண்ட்ஸ் டாக்டர் ஒருவரின் மகள், நன்றாகப் படித்தவர்.

1913 ஜனவரியில் தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு கடுங்குளிர் அடித்தது. மரத்தில் இருந்த பழமெல்லாம் உறைந்துபோயின. ஃபுல்லரின் தோப்பும் போயிற்று. பிளசென்ஷியா என்ற ஊருக்குப் போய், தோட்டக்காரர்களின் கூட்டுறவுப் பழக் கிடங்கில் மேலாளர் வேலை பார்த்தார். பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்து ரயில் ஏற்றும் இடம். தரம் பிரிப்பு, பெட்டி, ரயில் என்று மூன்றும் வரும் வேலை என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு சகோதர பாசமே வந்துவிட்டது. அங்கே கையில் நாலு காசும் சேர்ந்தது.

1916-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாஸ் ஏஞ்சல்ஸில் பால் ரேடர் என்பவரின் பிரசங்கம் கேட்கப் போனார். ரேடர் ஒரு காலத்தில் குத்துச்சண்டைக்காரர். குத்துச்சண்டைக்காரன் என்ன பிரசங்கம் செய்வான் என்ற ஆவலில் போனவர், முன் இருக்கையின் முதுகில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நடுங்கிப் போய் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் காரை ஓட்டிக்கொண்டு போய் ஹாலிவுட்டில் ஒரு பூங்காவில் யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தி, காரின் பின்பக்கத்தில் மண்டியிட்டு ஜெபம் செய்தார். அதன் பிறகு அவருக்கு ஆரஞ்சில் மனம் செல்லவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் பயோலா என்ற வேதாகமப் பள்ளியில் சேர்ந்து படித்தார். பிளசென்ஷியா தேவாலயத்தில் அவர் நடத்திய ஞாயிறு வகுப்பு பெருத்துப்போய், தேவாலயத்தாருக்கும் வகுப்புக்காரர்களுக்கும் ஒத்துவராமல், 1925-ல் கல்வரி சர்ச் என்று தனியாகவே ஒரு சபை ஆயிற்று. அவர் அதன் போதகர். இம்மாதிரிப் பிரிவினைகள் எல்லா மதத்திலும் உண்டு, விட்டுவிடுவோம். அந்த வருஷம்தான் மகன் டேனியலும் பிறந்தார்.

வானொலி அமெரிக்காவில் அப்போது சின்னக் குழந்தை. 1929-ல் ஃபுல்லர் இண்டியானாபோலிஸ் நகரத்துக்குக் கூட்டங்களில் பேசப் போயிருந்தார். அங்கே ஒரு நிலையத்தில் வழக்கமாகப் பேசுகிறவர் வரமுடியாமல் போக, இவரைப் பேசச் சொன்னார்கள். பேசினார். அந்த ஒரே பேச்சுக்குக் கடிதங்களும் டெலிபோன்களும் வந்தன. ஊருக்குத் திரும்பும் ரயிலில் தூக்கம் வரவில்லை. வானொலிதான் இனி நம் வேலை என்று அந்த ராத்திரியில் தீர்மானமாயிற்று என்று சொல்வார்.

எனக்கு இந்த இடம் நன்றாகப் புரிகிறது. வானத்திலிருந்து அசரீரி எதுவும் அவருக்கு வரவில்லை. வந்தது தபால். நாலைந்து கடிதங்கள், முன்பின் தெரியாத ஊரிலிருந்து, முன்பின் தெரியாத கையெழுத்தில். பிளசென்ஷியா சபையில் வாராவாரம் பார்க்கும் முகங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவரை ஆட்டிவிட்டது.

1930-ல் கல்வரி சர்ச்சின் ஆராதனையை லாங் பீச் ஊரின் கே.ஜி.இ.ஆர். நிலையம் மூலம் ஒலிபரப்பத் தொடங்கினார். சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. போதகர் நம்மைப் பார்த்துப் பேசுகிறாரா, மைக்கைப் பார்த்துப் பேசுகிறாரா என்ற மனக்குறை. 1933-ல் போதகர் பதவியை விட்டார். விட்ட நேரம் பாருங்கள்: நாடு முழுக்கப் பெருமந்தம், மார்ச் மாதம் அமெரிக்காவின் வங்கிகளையெல்லாம் அரசாங்கமே மூடச் சொன்னது, அதே வாரம் மார்ச் 10-ஆம் தேதி லாங் பீச்சில் பெரிய பூகம்பம். நிலத்தில் போட்ட பணம் கடனில் மூழ்கிக் கிடந்தது. கையில் பிள்ளை, அதுவும் நோஞ்சான் பிள்ளை. சம்பளம் இல்லை. அந்த மே மாதம்தான் வானொலிக்கென்றே ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். நிலையத்துக்குக் கட்டணம் வாரந்தோறும் கட்ட வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கேட்டவர்கள் கவரில் வைத்து அனுப்பும் ஒரு டாலர், இரண்டு டாலரிலிருந்து. இந்த வாரத் தபால் வந்தால் அடுத்த வாரம் பேச்சு. இல்லாவிட்டால் இல்லை. சொல்லப்போனால் இது ஒரு மணியார்டர் கம்பெனி மாதிரி.

இந்த இடத்தில் அமெரிக்க வானொலியின் ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். நம் ஆல் இந்தியா ரேடியோ போல அரசாங்கத்தின் கையில் அங்கே வானொலி இல்லை. என்.பி.சி., சி.பி.எஸ். என்ற பெரிய தனியார் வலைப்பின்னல்கள்தான். என்.பி.சி. ஆரம்பத்திலிருந்தே மத நிகழ்ச்சிக்கு நேரம் விற்கவில்லை. பெரிய, மரியாதைப்பட்ட சபைகளின் கூட்டமைப்பு யாரைக் கைகாட்டுகிறதோ அவருக்கு இலவசமாக நேரம் கொடுத்தது. நியூயார்க்கின் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் போன்ற பேர் பெற்ற போதகர்கள் அப்படிப் பேசினார்கள். சி.பி.எஸ். ஆரம்பத்தில் விற்றது, 1931-ல் நிறுத்திக்கொண்டது. நிறுத்தியதற்கு முக்கியக் காரணம் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்.

சார்லஸ் காக்ளின். மிச்சிகனில் ராயல் ஓக் என்ற ஊரில் இருந்தவர். 1926-ல் குழந்தைகளுக்கான பேச்சாக ஆரம்பித்து, பெருமந்தக் காலத்தில் அரசியலுக்கு வந்து, முதலில் ரூஸ்வெல்ட்டை ஆதரித்து, பிறகு எதிர்த்து, கடைசியில் யூத வெறுப்பைப் பச்சையாகப் பேசினவர். அவருக்கு வந்த தபாலும் கொஞ்சநஞ்சமல்ல. பிரித்துப் பார்க்கவே ஒரு குமாஸ்தாப் பட்டாளம் வைத்திருந்தார். அந்த மனிதரின் வானொலிப் பேச்சு 1940-ல் நின்றது. அவருடைய பத்திரிகைக்கு 1942-ல் அமெரிக்கத் தபால் இலாகா சலுகைக் கட்டணத்தில் அஞ்சல் அனுப்பும் உரிமையை ரத்து செய்தது. தபாலால் வளர்ந்தவரைத் தபாலே முடித்தது என்று எனக்கொரு அற்பத் திருப்தி.

ஃபுல்லருக்கும் காக்ளினுக்கும் ஆயுதம் ஒன்றுதான்: குரல், பிறகு கவரில் வரும் காசு. இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஃபுல்லர் எதைச் செய்யாமல் விட்டார் என்பது தெரிகிறது. நாட்டிலே இத்தனை பேர் எனக்கு எழுதுகிறார்கள், ஆகவே என் பேச்சுக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று கணக்குப் போடுகிற சபலம் யாருக்கும் வரும். இவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. அவர் நிகழ்ச்சியில் தேர்தல் வராது.

1934-ல் கே.என்.எக்ஸ். என்ற நிலையத்துக்கு மாறினார். மேற்கு மாநிலங்கள் முழுக்கக் கேட்கும் பெரிய நிலையம். 1936-ல் அதைச் சி.பி.எஸ். வாங்கிக்கொண்டது, காசுக்கு மத நிகழ்ச்சி கிடையாது என்ற அவர்கள் விதியால் ஃபுல்லர் வெளியேற வேண்டியதாயிற்று. இருந்த ஒரே வழி மியூச்சுவல் என்ற புதிய வலைப்பின்னல். பணம் தேவைப்பட்ட நிறுவனம் என்பதால் அது மத நிகழ்ச்சிக்கும் நேரம் விற்றது. செயிண்ட் லூயிஸின் லூத்தரன் பேராசிரியர் வால்டர் மேயரும் அதில்தான் பேசிக்கொண்டிருந்தார். 1937 அக்டோபர் 3-ஆம் தேதி, ஞாயிறு, ஃபுல்லரின் நிகழ்ச்சி நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முதன்முதலாகக் கேட்டது. முப்பது நிலையங்கள். பெயர் ‘ஓல்ட் ஃபேஷண்ட் ரிவைவல் ஹவர்’. பழைய பாணி எழுப்புதல் கூட்டம் என்று தமிழில் சொல்லலாம். 1942-ல் நிலையங்கள் 456. இரண்டு கோடிப் பேர் கேட்டார்கள் என்று எழுதுகிறார்கள். யார் எண்ணினார்கள் என்று நான் கேட்பேன். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதை மறுக்க முடியாது: 1943-ல் அவர் மியூச்சுவலுக்குக் கட்டிய கட்டணம் 15 லட்சம் டாலருக்கு மேல். அந்த வலைப்பின்னலின் மிகப் பெரிய வாடிக்கையாளர் சோப்புக் கம்பெனியோ சிகரெட் கம்பெனியோ இல்லை. இந்தப் பழைய ஆரஞ்சு வியாபாரி.

நிகழ்ச்சி எப்படி இருக்கும்? பாடகர் குழுவின் பாட்டு, நால்வர் குழுவின் பாட்டு, ரூடி அட்வுட் என்பவரின் பியானோ. கிறிஸ்தவப் பாட்டில் எனக்கு ஞானம் இல்லை. ஆனால் அந்தப் பியானோவின் ஓட்டம் யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். ‘ஹெவன்லி சன்ஷைன்’ என்ற சின்னப் பாட்டைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும். ஃபுல்லரின் பிரசங்கத்தில் புதுமை என்று எதையும் நான் காணவில்லை. பாவம், மன்னிப்பு, சிலுவை, இன்றைக்கே முடிவு செய் என்பதுதான் மறுபடி மறுபடி. கத்த மாட்டார். திண்ணையில் உட்கார்ந்து பெரியவர் ஒருவர் புத்தி சொல்வது மாதிரி. ஆனால் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே ஒரு சில நிமிஷம் வரும். அதற்காகவே நான் அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கடிதம் வாசிக்கும் நேரம். “ஆகட்டும், படி கண்ணே” என்கிற தோரணையில் அவர் மனைவியை அழைப்பார். கோடிக்கணக்கானவர்கள் கேட்கும் நிகழ்ச்சியில் சமையலறையில் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூப்பாடு. கிரேஸ் வந்து அந்த வாரக் கடிதங்களில் சிலவற்றை வாசிப்பார். பெரும்பாலும் எழுதினவர் பெயர் சொல்ல மாட்டார்; மாநிலமோ ஊரோ மட்டும். பண்ணை வீட்டுப் பெண், கப்பலில் இருக்கும் சிப்பாய், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர், சிறையில் இருப்பவர். குரலில் நடுக்கம் இல்லை, நாடகம் இல்லை. படித்த பெண்மணி, ஒரு பக்கத்து வீட்டுக் கடிதத்தை எழுத்தறியாத பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிற நிதானம். அழுகை வர வேண்டிய இடத்தில்கூட அதே நிதானம். அதனால்தான் கேட்பவருக்கு அழுகை வருகிறது.

அந்த நிகழ்ச்சியின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான் என்பது என் கட்சி. ஃபுல்லரைப் போலப் பிரசங்கிக்க நூறு பேர் இருந்தார்கள். ஆனால் அமெரிக்காவின் ஏதோ ஒரு மூலையில் தன்னந்தனியே வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருக்கும் ஒருத்திக்கு, அவளைப் போலவே இன்னொரு மூலையில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரிவித்தது கிரேஸ் வாசித்த கடிதம். வானொலி மேலிருந்து கீழே பொழிவது. கடிதம் கீழேயிருந்து மேலே போவது. கிரேஸ் அதைப் பிடித்து மறுபடியும் கீழே அனுப்பினார்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வாசிப்பது பொறுக்கியெடுத்த கடிதங்கள். திட்டி எழுதினவனின் கடிதம் காற்றில் ஏறாது. குணமாகாத நோயாளி, திருந்தாத புருஷன், இவர்களைப் பற்றிய கடிதங்களும் வந்திருக்கும். தபால் பையில் எல்லாம் கலந்துதான் வரும், எங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் வாசித்தவற்றில் தீர்வு சொல்லாமல் வெறும் துக்கத்தோடு நின்றுபோகும் கடிதங்களும் சில இருந்தன. அவற்றையும் வாசித்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

கடிதம் எழுத வேண்டிய முகவரி: தபால் பெட்டி எண் 123, லாஸ் ஏஞ்சல்ஸ் 53, கலிபோர்னியா. இதைக் கண்டதும் எனக்குள் இருந்த பழைய குமாஸ்தா விழித்துக்கொண்டான். அந்த 53 என்பது தபால் மண்டல எண். 1943-ல் போர்க்காலத்தில் அனுபவமுள்ள ஊழியர்கள் பட்டாளத்துக்குப் போய்விட, புதிய ஆட்களும் எளிதாகப் பிரிக்கட்டும் என்று பெரிய நகரங்களுக்கு இந்த எண்களைக் கொடுத்தார்கள். பிற்பாடு 1963-ல் வந்த ஜிப் கோடுக்கும், நம் நாட்டில் 1972 சுதந்திர தினத்தன்று வந்த பின்கோடுக்கும் இந்த ரகம் எண்களே முன்னோடி. 123 என்பது யாருக்கும் மறக்காத எண். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், பென்சில் தேட வேண்டியதில்லை. தற்செயலோ, கேட்டு வாங்கினதோ, நல்ல எண்.

நான் வேலை பார்த்த தென்மாவட்டத் தலைமை அஞ்சலகத்திலும் ஒரு கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சிக்காரர்கள் பெட்டி எடுத்திருந்தார்கள். எழுபதுகளின் ஆரம்பம். ஆல் இந்தியா ரேடியோ மதத்துக்கு நேரம் விற்காது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு விற்றது. அதனால் அந்த நிகழ்ச்சி கொழும்பிலிருந்து காற்றில் வரும். முடிவில் எங்கள் ஊர்ப் பெட்டி எண்ணைச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பேசினால் புதன்கிழமை பெட்டி பிதுங்கும். எடுத்துப் போக வரும் பெரியவர், “அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனை வந்திருக்கு?” என்றுதான் கேட்பார். பேச்சு எப்படி என்று ஒருநாளும் கேட்டதில்லை. பாதி போஸ்ட் கார்டுகள். முகவரி பார்க்கிற கண்ணில் நாலு வரி விழாமல் போகாது. மகளுக்கு வரன் அமையவில்லை, மகன் பரீட்சை, புருஷன் குடி, வயிற்றுவலி. எழுதினவர்களில் பொட்டு வைத்த பெயர்களும் நிறைய இருக்கும். வெளியே சொல்ல முடியாததை முகம் தெரியாத பெட்டி எண்ணுக்கு எழுதிவிடுவது மனித சுபாவம் போலிருக்கிறது. அயோவாவிலிருந்து பெட்டி 123-க்கு எழுதின பெண்ணும் இப்படித்தான் எழுதியிருப்பாள்.

மறுபடி ஃபுல்லருக்கு வருகிறேன். 15 லட்சம் டாலர் கொடுத்த வாடிக்கையாளரை மியூச்சுவல் 1944-ல் கழற்றிவிடப் பார்த்தது. மரியாதைப்பட்ட சபைகளின் நெருக்கடி ஒரு பக்கம். மத வியாபாரிகள் என்ற கெட்ட பெயர் ஒரு பக்கம். (வானொலியில் மதம் பேசிக் காசு பறித்த எத்தர்களும் இருக்கத்தான் செய்தார்கள்.) இனி ஞாயிறு காலையில் மட்டும்தான், அரை மணிதான், நேயர்களிடம் காசு கேட்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஃபுல்லர் சண்டைக்குப் போகவில்லை. தனித்தனி நிலையங்களாகப் பார்த்து நேரம் வாங்கினார். அதற்கு அவர் கையாண்ட முறைதான் எனக்குச் சுவையானது. நிகழ்ச்சியைப் பதினாறு அங்குல அகல இசைத்தட்டுகளில் பதிவு செய்வது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிஷம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு தட்டு, நாலு பக்கம். அவற்றைப் பெட்டியில் கட்டி நாடு முழுக்க நிலையங்களுக்கு அனுப்புவது. கம்பியில் போன நிகழ்ச்சி பார்சலில் போக ஆரம்பித்தது. 1949-ல் ஏ.பி.சி. வலைப்பின்னல் கதவைத் திறக்கும் வரை இப்படியே ஓட்டினார்.

போர்க்காலத்திலிருந்து நிகழ்ச்சி லாங் பீச் நகராட்சி அரங்கத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பானது. கடலை ஒட்டிய பெரிய கட்டடம். பக்கத்திலேயே கடற்படைத் துறைமுகம். பசிபிக் போருக்குப் போகிற மாலுமிகள் சீருடையோடு வந்து உட்காருவார்கள். கையைத் தூக்கச் சொல்லுவார் ஃபுல்லர். தூக்குகிற ஒவ்வொரு பையனையும், மாடியில் அந்த மாலுமி, பின்வரிசையில் இந்தச் சிப்பாய் என்று குறிப்பிட்டு ஆசி சொல்லுவார். எங்கோ கான்சாஸில் கேட்டுக்கொண்டிருக்கும் தாய், இது நம் பிள்ளையாக இருக்குமோ என்று நினைக்காமல் இருந்திருப்பாளா? மகனோடு லாங் பீச் போனபோது அந்த அரங்கத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். 1975-லேயே இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் மாநாட்டு மையம் இருக்கிறது. ஆரஞ்சுத் தோப்பும் போச்சு, அரங்கமும் போச்சு.

இனிச் சொல்லப்போவது வேறு ரகம். தகப்பனார் ஹென்றி விட்டுப்போன சொத்து இருந்தது. அதைக்கொண்டு 1947-ல் பாசடீனாவில் ஒரு இறையியல் கல்லூரி தொடங்கினார் ஃபுல்லர். முதல் வருஷம் 39 மாணவர்கள். பாஸ்டனின் ஹெரால்ட் ஓகெங்கா தலைவர். வில்பர் ஸ்மித், கார்ல் ஹென்றி போன்றவர்கள் ஆசிரியர்கள். பழைய பாணி நம்பிக்கையை நல்ல படிப்போடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பது நோக்கம். படிப்பு என்று வந்துவிட்டால் கேள்வி வரும். மகன் டேனியலே சுவிட்சர்லாந்தின் பாசல் வரை போய்ப் படித்தார். 1962 டிசம்பரில் கல்லூரியின் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் கூடிய கூட்டத்தில் டேனியல் எழுந்து, வேதாகமம் மீட்பைப் பற்றிச் சொல்வதில் பிழையே இல்லை, ஆனால் விஞ்ஞானம், சரித்திரம் பற்றித் தற்செயலாகச் சொல்லும் விவரங்களுக்கு அதே உத்தரவாதம் கேட்க வேண்டியதில்லை என்கிற கருத்தைச் சொன்னார். அங்கே பிளவு வந்தது. அந்த நாளுக்குக் ‘கறுப்புச் சனி’ என்றே அவர்கள் வட்டாரத்தில் பெயர்.

வெளியாருக்கு இது மயிர்பிளக்கிற வாதமாகத் தோன்றும். ஃபுல்லருக்கு அப்படி இல்லை. பெட்டி 123-க்கு எழுதினவர்கள் வேதாகமத்தின் ஒவ்வொரு எழுத்தையும் நம்பினவர்கள். அவர்கள் அனுப்பிய ஒரு டாலர், இரண்டு டாலரில்தான் முப்பது வருஷமாக அவர் குரல் காற்றில் நின்றது. அவர் கட்டிய கல்லூரியோ அவர்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. நகர்த்துகிறவன் சொந்த மகன். அவர் மகன் பக்கம், கல்லூரிப் பக்கம் நின்றார். வில்பர் ஸ்மித் விலகிப் போனார். 1949-லேயே ஃபுல்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அவர். வேறு சிலரும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் போனார்கள். டேவிட் ஹப்பார்ட் என்ற இளைஞர் 1963-ல் தலைவரானார். 1965-ல் மிஷன் பணிக்கென்றே அங்கே தனிப் பிரிவு தொடங்க டொனால்ட் மெக்கேவ்ரன் வந்தார்; அவர் நம் மத்தியப் பிரதேசத்து தமோவில் பிறந்து, பல்லாண்டுகள் இந்தியாவில் வேலை செய்தவர் என்பது ஒரு கொசுறுச் செய்தி. இன்று அந்தக் கல்லூரி உலகம் அறிந்தது.

அந்த நாட்களில் ஃபுல்லரின் மனசில் என்ன ஓடியிருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். மகனுக்காக விட்டுக்கொடுத்தார் என்பது எளிய விளக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. இண்டியானாபோலிஸில் முன்பின் தெரியாதவர்கள் எழுதியதற்காகச் சொந்த சபையையே விட்டுவிட்டு வந்தவர் அவர். தான் பேசி முடித்த பேச்சு தன் கையில் இல்லை, அது போய்ச் சேருகிற இடத்தில் வேறாகும் என்று வானொலிக்காரருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

1950-களின் இறுதியிலேயே நிகழ்ச்சி அரை மணியாகச் சுருங்கி, லாங் பீச் அரங்கத்தை விட்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டது. தொலைக்காட்சி வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வானொலியைச் சுற்றி உட்காருவது நின்றுபோயிற்று. கிரேஸ் தமக்கு வந்த கடிதங்களில் தேர்ந்தெடுத்து ஒரு நூலாகவும் தொகுத்தார். 1966 ஜூனில் அவர் காலமானார். சார்லஸ் ஃபுல்லர் அதற்குப் பிறகு இரண்டு வருஷம்கூட முழுதாக இருக்கவில்லை. 1968 மார்ச் 18-ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். நிகழ்ச்சியைப் பெயர் மாற்றி, ஹப்பார்டின் குரலில் சில காலம் நடத்தினார்கள்.

பழைய பதிவுகளை இணையத்தில் இன்றும் கேட்கலாம். தட்டின் கீறல் சத்தத்தோடு பாட்டு முடியும். ஃபுல்லர் மனைவியைக் கூப்பிடுவார். காகிதம் புரளும் சத்தம் லேசாகக் கேட்கும். ஒரு மாநிலத்தின் பெயரைச் சொல்லிவிட்டு கிரேஸ் வாசிக்க ஆரம்பிப்பார்.